மெத்தென்றா, விறைப்பா? புது காரின் சஸ்பென்ஷன்: வாசகர் கேள்வி பதில்

புது கார் புக் செய்யும் நேரத்தில் சஸ்பென்ஷன் பற்றிக் கேட்டு வந்த கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த இதழில் பகுதி முழுவதும் அதற்கே.

ஹூண்டாய் கிரெட்டா வாங்குவதாக முடிவாகிவிட்டது. சாதாரண கிரெட்டாவா, அதன் ஸ்போர்ட் வகையான 'என் லைன்' (N Line) கிரெட்டாவா என்பதில்தான் வீட்டில் இழுபறி. மகன் என் லைன் கேட்கிறான். காரில் என் வயதான அப்பா, அம்மாவும் வருவார்கள். வாரம் ஒருமுறை பொள்ளாச்சி பக்கம் தோட்டத்துக்குப் போக வேண்டும், கடைசி ஆறு கிலோமீட்டரைச் சாலை என்றே சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை சென்னை. ஷோரூமில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "ஹைவேல என் லைன் ரோட்டைக் கவ்விக்கிட்டுப் போகும் சார்" என்கிறார் விற்பனையாளர். எதை எடுப்பது?
– கோவை வாசகர்

சாதாரண கிரெட்டாவை எடுங்கள், 17 அங்குலச் சக்கரம் உள்ள வேரியன்ட்டில்.

முதலில் டயரைப் பாருங்கள். சாதாரண கிரெட்டாவின் மேல் வேரியன்ட்களில் வருவது 215/60 ஆர்17. என் லைனில் 215/55 ஆர்18. நடுவில் இருக்கும் 60, 55 என்பது டயரின் பக்கச்சுவர் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லும். 215-ல் 60 சதவீதம் 129 மி.மீ., 55 சதவீதம் 118 மி.மீ. சக்கரத்தின் மொத்த விட்டம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 690-க்கும் 694-க்கும் உள்ள வித்தியாசம். அதாவது 11 மி.மீ. ரப்பரும் காற்றும் இருந்த இடத்தில் அலாய் வந்து உட்கார்ந்திருக்கிறது. பள்ளத்தின் விளிம்பில் சக்கரம் மோதும்போது முதலில் அமுங்குவது டயர்தான், ஸ்பிரிங் அதற்குப் பிறகு. அந்த 11 மி.மீ. போனால் அடி கூர்மையாகக் கேட்கும். டயரின் பக்கவாட்டில் முட்டை புடைப்பதும், ரிம் வளைவதும் 18 அங்குலத்தில்தான் அதிகம்.

அடுத்தது ஸ்பிரிங். ஒரு காரின் மேல்பகுதி ஸ்பிரிங் மேல் நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆட விரும்புகிறது என்பதுதான் சஸ்பென்ஷன் பொறியாளர்கள் முதலில் பார்க்கும் எண். சொகுசுக்கு அமைத்த கார்களில் இது 1 முதல் 1.3 ஹெர்ட்ஸ் வரை, விறைப்பாக அமைத்தவற்றில் 1.5-க்கு மேல், 2 ஹெர்ட்ஸை நெருங்கியும் இருக்கும். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிகின்றன, ஆனால் 1.2 ஹெர்ட்ஸ் காரில் வண்டியின் எடைக்கு ஸ்பிரிங் சுமார் 170 மி.மீ. இறங்கி நிற்கும், 1.6 ஹெர்ட்ஸ் காரில் 100 மி.மீ.கூட இறங்காது. ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. என் லைன் கிரெட்டாவில் ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் சாதாரண மாடலைவிட இறுக்கமாக அமைக்கப்பட்டவை. மேலே சொன்ன இரு எல்லைகள் அளவுக்கு அவற்றுக்குள் தூரம் கிடையாது என்றாலும், போகிற திசை அதுதான்.

விற்பனையாளர் சொன்னதில் பொய் இல்லை. நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் பாலத்து இறக்கம் ஒன்றைத் தாண்டும்போது விறைப்பான கார் ஒரே அசைவில் அடங்கிவிடும். ஆனால் அந்த அடக்கம் பெரும்பாலும், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெயால் அடக்கும் ஷாக் அப்சார்பரின் வேலை. ஸ்பிரிங் மெத்தென்று இருந்து, ஷாக் அப்சார்பர் சரியாகப் பிடித்தால் மெத்தென்ற காரும் மிதக்காது. மெத்தென்ற ஸ்பிரிங்கோடு வலுவில்லாத ஷாக் அப்சார்பர் சேரும்போதுதான் வண்டி படகாகிறது.

உங்கள் தோட்டத்துச் சாலைக்கு வருவோம். அங்கே போகும் வேகம் 20, 25. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கும், மறுபக்கம் மேட்டில் இருக்கும். இடது, வலது சக்கரங்களைக் குறுக்கே இணைக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற கம்பி தடிமனாக இருந்தால், இறங்கிய சக்கரம் மறுபக்கத்தையும் இழுக்கும். காரே இடமும் வலமுமாக வெட்டி ஆடும், பின்சீட்டில் இருப்பவர் தலை ஜன்னல் பக்கம் போய்ப் போய் வரும். ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதால் அவருக்கு இது உறைக்காது. வயதானவர்களுக்கு மேலும் கீழும் தூக்கிப் போடுவதைவிட இந்தப் பக்கவாட்டு வெட்டுதான் கழுத்தைப் படுத்தும். விறைப்பான காரின் உண்மையான தொந்தரவு இதுதான், விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை.

ஷோரூமைச் சுற்றி வழவழப்பான சாலையில் மூன்று கிலோமீட்டர் ஓட்டினால் வித்தியாசம் தெரியாதது இயல்பு. மறுபடி கேளுங்கள், இந்த முறை இப்படிச் செய்யுங்கள். கிளம்பும் முன் இரண்டு காரிலும் டயர் காற்றை அளக்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் இருக்க வேண்டும். டெமோ காரில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடவோ குறையவோ இருந்தால் நீங்கள் சோதிப்பது காற்றை, சஸ்பென்ஷனை அல்ல. அப்பாவையும் அம்மாவையும் பின்சீட்டில் உட்கார வையுங்கள். மகன் ஓட்டட்டும், நீங்களும் பின்னால் உட்காருங்கள். உடைந்த சாலையில் 20 முதல் 40 வரை ஒரு பத்து நிமிடம். ஒரு வேகத்தடையை 25-ல். ஒரு குழியில் வேண்டுமென்றே ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் இறக்குங்கள். பிறகு நெடுஞ்சாலையில் 80-ல் பால இணைப்புகள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு வண்டி எத்தனை முறை ஆடி நிற்கிறது என்று எண்ணுங்கள். ஒன்று, ஒன்றரை என்றால் நல்லது. மூன்று என்றால் அது சொகுசு இல்லை, கட்டுப்பாடின்மை. பின்சீட்டில் செல்போனில் ஒரு பத்தி வாசிக்க முடிகிறதா என்பதும் நல்ல சோதனை.

சென்னைக்கு ஐந்து பேரும் சாமான்களுமாகப் போகும்போது மெத்தென்ற காரின் பின்பக்கம் தாழும். அந்த நாட்களில் ஸ்டிக்கரில் முழுச்சுமைக்கு என்று போட்டிருக்கும் காற்றழுத்தத்தைப் பின்சக்கரங்களுக்கு வையுங்கள். பலர் இந்த வரியைப் பார்ப்பதே இல்லை.

ஸ்போர்ட் மோடு பட்டனை அழுத்தினால் சஸ்பென்ஷன் இறுகுமா?
– வேலூர் வாசகர்

நம் ஊரில் விற்கும் பெரும்பாலான கார்களில் இறுகாது. ஆக்சிலரேட்டர், கியர் மாறும் நேரம், ஸ்டியரிங் கனம், இவ்வளவுதான் மாறும். மின்னணு ஷாக் அப்சார்பர் உள்ள கார்களில் மட்டுமே சஸ்பென்ஷன் மாறும். அது இருந்தால் விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் தனியாகப் போட்டிருப்பார்கள். போடவில்லை என்றால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு ஏறும்போதெல்லாம் மனைவிக்கும் மகளுக்கும் வாந்தி வருகிறது. இப்போதுள்ள கார் திருப்பத்தில் ரொம்பச் சாய்கிறது. விறைப்பான சஸ்பென்ஷன் உள்ள காராகப் பார்த்து வாங்கினால் குறையுமா?
– சேலம் வாசகர்

கொஞ்சம் குறையலாம். அதற்காக மட்டும் கார் தேர்வு செய்ய வேண்டாம்.

குமட்டலைக் கிளப்புவது மிக மெதுவான அசைவு. ஐந்து நொடிக்கு ஒருமுறை, அதாவது 0.2 ஹெர்ட்ஸ் அளவில் வரும் ஆட்டம்தான் வயிற்றைப் புரட்டுவதில் முதலிடம். கப்பலில் நடப்பதும் அதுவே. எந்தக் காரின் ஸ்பிரிங்கும் அவ்வளவு மெதுவாக ஆடாது. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த மெதுவான ஆட்டத்தை உண்டாக்குவது சாலையும் ஓட்டுபவரின் காலும்தான்: பிரேக், திருப்பம், ஆக்சிலரேட்டர், மறுபடி பிரேக். விறைப்பான கார் சாய்வதைக் குறைக்கும். உடம்பைப் பக்கவாட்டில் தள்ளும் விசையைக் குறைக்காது, அது வேகத்தையும் வளைவையும் மட்டும் பொறுத்தது. சாயாத கார் என்ற தெம்பில் ஓட்டுபவர் ஐந்து கி.மீ. வேகம் கூட்டினால் பின்சீட்டு நிலைமை முன்பைவிட மோசமாகும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் ஒரே சீராகப் போகச் சொல்லுங்கள். பிரேக்கை மெல்லப் பிடித்து மெல்ல விட வேண்டும். வாந்தி வருபவர் முன்சீட்டில் உட்கார்ந்து தொலைவில் சாலையைப் பார்க்கட்டும். காரைத் தேர்வு செய்யும்போது சஸ்பென்ஷனைவிட, பின்சீட்டு உயரமாகவும் ஜன்னல் கண்ணாடி தாழ்வாகத் தொடங்குவதாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே பார்க்க முடியாத பின்சீட்டு வாந்திக்குப் பெரிய காரணம். இப்போதைய கார் அறுபது, எழுபதாயிரம் கி.மீ. ஓடியிருந்தால் பின் ஷாக் அப்சார்பர்களையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அவை தளர்ந்திருந்தால் மலைப்பாதையில் வண்டி கூடுதலாகவே அலையும்.

முதுகுத் தண்டில் டிஸ்க் தொல்லை உள்ளவர் எந்த மாதிரி சஸ்பென்ஷன் பார்க்க வேண்டும்?
– மதுரை வாசகர்

தொடர்ந்து ஓட்டலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். காரைப் பற்றி மட்டும் இங்கே.

உட்கார்ந்திருக்கும் உடம்பு மேல்கீழ் அதிர்வில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வைத்தான் தாங்க மாட்டாமல் தவிக்கும். ஸ்பிரிங் ஆட்டம் இதற்குக் கீழே, 1 முதல் 2-க்குள். சக்கரமும் ஆக்ஸிலும் தாமாகத் துடிப்பது இதற்கு மேலே, 10-ஐத் தாண்டி. நடுவில் இருக்கும் அந்த 4–8 பட்டையில் அதிர்வு ஏறுவது இறுக்கமான ஷாக் அப்சார்பர், அதிகக் காற்று, மட்டமான சீட் நுரை ஆகியவற்றால். ஆகவே விறைப்பாக அமைத்த வேரியன்ட் உங்களுக்கு வேண்டாம். ஆனால் அளவுக்கு மீறி மெத்தென்ற காரும் வேண்டாம்: சுமையோடு பள்ளத்தில் இறங்கினால் ஸ்பிரிங் முழுதும் அமுங்கி, ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தண்டு) முனையில் இருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற நுரைக்கட்டையில் போய் இடிக்கும். அந்த ஓர் இடி, நூறு சின்ன அதிர்வுகளைவிட முதுகுக்குக் கெடுதல்.

இருக்கிற டயர் அளவுகளில் பக்கச்சுவர் உயரமானதை எடுங்கள். சீட்டில் கீழ்முதுகைத் தாங்கும் லம்பார் அட்ஜஸ்ட்மென்ட், தொடை முழுக்கத் தாங்கும் குஷன், இடுப்பு உயரத்திலேயே ஏறி இறங்கும்படியான சீட் உயரம், இந்த மூன்றும் இருந்தால் சஸ்பென்ஷன் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளிக்கலாம். டெஸ்ட் டிரைவ் நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் கேளுங்கள். முதுகு பத்து நிமிடத்தில் பதில் சொல்லாது.

வேகத்தடையில் அடிப்பாகம் உரசுகிறது என்று பழைய செடானை விற்கிறேன். அடுத்தது ஸ்கோடா ஸ்லாவியா பார்க்கிறேன். 179 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் என்கிறார்கள். போதுமா? ஸ்போர்ட் சஸ்பென்ஷன் கார்கள் 10, 15 மி.மீ. தாழ்வு என்பதெல்லாம் ஒரு பொருட்டா?
– தாம்பரம் வாசகர்

அந்த 179 ஆள் ஏறாத காருக்கு. நான்கு பேரும் சாமானும் ஏறினால் முப்பது மி.மீ.க்கு மேல் இறங்கும். எந்தக் காரின் கிளியரன்ஸ் எண்ணைக் கேட்டாலும் "சுமையோடா, சுமையில்லாமலா?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாகச் சொன்ன எண்களை ஒப்பிட்டுப் பிரயோசனம் இல்லை.

இந்திய சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 99 விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் துண்டு மாதிரி இருக்க வேண்டும். 2.65 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) உள்ள கார் அதன் மேல் ஏறினால் முன், பின் சக்கரங்கள் இரண்டுமே மேட்டின் மேல்தான் நிற்கும். அடிவயிற்றுக்குள் நுழையும் மேடு வெறும் 5 செ.மீ.தான். கணக்கு: வீல்பேஸின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்க வேண்டும். 7.02-ஐ 136-ஆல் வகுத்தால் 0.0516 மீட்டர். விதிப்படி கட்டிய தடையில் 179-ஓ, 15 மி.மீ. குறைந்த காரோ, எதுவுமே உரசாது.

உரசுவது தெருவாசிகள் ஒரே ராத்திரியில் போட்டுவிடும் தடையில். ஒரு மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம். முன்சக்கரம் இறங்கிய பிறகு பின்சக்கரம் ஏறுவதற்குள் மொத்தத் தடையும் காரின் வயிற்றுக்கு நேர் கீழே வந்துவிடும். அங்கே 150 மி.மீ.யும் வேண்டும், முன்சக்கரம் தொப்பென்று இறங்கும்போது சஸ்பென்ஷன் அமுங்குவதற்கும் இடம் வேண்டும். அந்த இடத்தில் 15 மி.மீ. பெரிய பொருட்டுதான். உங்கள் தெருத் தடைகளை ஒரு டேப் வைத்து அளந்துவிட்டே காரை முடிவு செய்யுங்கள். கொஞ்சம் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குவது எல்லாக் காருக்கும் உதவும்.

ஜெர்மனியில் வேலை. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்டர் செய்யப் போகிறேன். சாதாரண சஸ்பென்ஷன், ஸ்போர்ட் சஸ்பென்ஷன், டிசிசி என்று மூன்று விதம் பார்க்கிறேன். தினம் ஆட்டோபானில் நூறு கி.மீ., வார இறுதியில் குழந்தைகளுடன் ஊர் சுற்றல். எதற்குக் காசு கொடுக்கலாம்?
– ஸ்டுட்கார்ட் வாசகர்

ஸ்போர்ட் சஸ்பென்ஷனை விட்டுவிடுங்கள். 15 மி.மீ. தாழ்த்தி, ஸ்பிரிங்கை இறுக்கிய அமைப்பு அது. ஒரு முறை எடுத்தால் குழந்தைகள் தூங்கும்போதும் அதே இறுக்கம்தான்.

போட்டி மற்ற இரண்டுக்கும்தான். டிசிசி என்ற மின்னணு அமைப்பில் ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் ஓடும் வழியை ஒரு மின்வால்வு திறந்தும் மூடியும் மாற்றுகிறது. ஸ்பிரிங் அதேதான். கம்ஃபர்ட், ஸ்போர்ட் தவிர இண்டிவிஜுவல் என்ற மோடில் ஒரு நகர்த்தி இருக்கிறது, அதில் கம்ஃபர்ட்டையும் தாண்டி மெத்தென்று போகலாம். நடுவழிக்கும் மெத்தென்ற கோடிக்கும் இடையில் எங்கோ வைத்துவிட்டுப் பலர் அதற்குப் பிறகு தொடுவதே இல்லை. 160-க்கு மேல் ஓட்டுபவருக்கும், காரை நிரப்பி ஓட்டுபவருக்கும் டிசிசி நிச்சயம் பலன் தரும். பரிந்துரை வேகமான 130-ஐ ஒட்டி, தனியாக ஓட்டுபவருக்கு நல்ல டயரோடு சாதாரண சஸ்பென்ஷனே போதும்.

எஞ்சினையும் சேர்த்துப் பாருங்கள். கோல்ஃபில் 150 குதிரைத்திறனுக்குக் கீழ் உள்ளவற்றில் பின்புறம் இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இணைக்கும் டார்ஷன் பீம், 150-லும் அதற்கு மேலும் சக்கரங்கள் தனித்தனியாக அசையும் மல்ட்டி லிங்க். உடைந்த சாலையில் ஒரு பக்கச் சக்கரம் விழும்போது பின்சீட்டில் தெரியும் வித்தியாசம், டிசிசி உள்ளதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை ஒட்டி வரும்.

லீஸ் என்றால் டிசிசி எடுக்கலாம். பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணம் இருந்தால் யோசியுங்கள். கசிந்த டிசிசி ஷாக் அப்சார்பர் ஒன்றின் விலை சாதாரணமானதைப்போல் சில மடங்கு, மாற்றுவது ஜோடியாக.

ஆர்டரில் 18 அங்குலம் ஆசைப்பட்டாலும், குளிர்கால டயரை 16 அங்குலத்தில் வாங்குங்கள். 225/40 ஆர்18-ல் பக்கச்சுவர் 90 மி.மீ., 205/55 ஆர்16-ல் 113. குளிர்காலத்தில் உறைந்து வெடித்த சாலைக்கு அந்த 23 மி.மீ. மருந்து. உங்கள் காரின் பிரேக்குக்கு மேல் அந்த ரிம் உட்காருமா என்று காரோடு வரும் சிஓசி என்ற தகுதிச் சான்றுத் தாளில் அனுமதித்த அளவுகளைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டயரில் மூன்று சிகர மலையும் பனித்துகளும் சேர்ந்த சின்னம் இருக்க வேண்டும். எம்+எஸ் (சேறு, பனி) எழுத்து மட்டும் போட்ட டயர் 2024 அக்டோபர் முதல் அங்கே குளிர்கால டயராகச் செல்லாது.

மஹிந்திரா எக்ஸ்யூவி700-ல் எஃப்எஸ்டி (ஃப்ரீக்வென்சி செலக்டிவ் டேம்பிங்) என்கிறார்களே, அது மின்னணு சஸ்பென்ஷனா? கெட்டுப்போனால் செலவாகுமா?
– ஈரோடு வாசகர்

வயரும் கிடையாது, சென்சாரும் கிடையாது. ஷாக் அப்சார்பரின் பிஸ்டனில் எண்ணெய்க்கு ஒரு பக்கவழி விட்டிருக்கிறார்கள். சின்னச் சின்ன, வேகமான அதிர்வில் பக்கவழி திறந்தே இருக்கும், எண்ணெய் சுலபமாக ஓடும், கார் மெத்தென்று போகும். வண்டி மெதுவாக நீளமாக ஆடினாலோ திருப்பத்தில் சாய்ந்தாலோ, உள்ளே ஒரு சிறு அறையில் அழுத்தம் ஏறி அந்தப் பக்கவழியை மூடிவிடும், பிடி இறுகும். உடைந்த சாலைக்கு ஒரு குணம், வளைவுக்கு ஒரு குணம், பட்டன் அழுத்தாமலே. நம் சாலைகளுக்குப் பொருத்தமான ஏற்பாடு. சாதாரண ஷாக் அப்சார்பரைவிட விலை கூடும், மின்னணு வகை அளவுக்குப் போகாது.

சிட்ரோயன் சி5 ஏர்கிராஸில் வருவது இன்னொரு வழி: ஷாக் அப்சார்பர் பயணத்தின் இரு கோடியிலும் ரப்பர் தடைக்கு முன்பாக ஓர் எண்ணெய்த் தடை வைத்திருக்கிறார்கள். அதனால் ஸ்பிரிங்கை மெத்தென்று வைத்தும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள முடிகிறது.

மெத்தென்ற வேரியன்ட்டை வாங்கிவிட்டு, ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் மாட்டினால் உயரமும் கிடைக்கும், விறைப்பும் கிடைக்கும் என்கிறார் ஒரு அக்சஸரீஸ் கடைக்காரர். வெளியில் லோயரிங் ஸ்பிரிங்கும் கிடைக்கிறதாம். செய்யலாமா?
– திருநெல்வேலி வாசகர்

இரண்டும் வேண்டாம்.

ரப்பர் வளையம் ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை அசையாமல் பூட்டிவிடுகிறது. ஆறு சுற்று செய்த வேலையை ஐந்து செய்ய வேண்டும். விறைப்பு கூடும், உண்மைதான். ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கு அளவெடுத்தது. கூடுதல் வலுவோடு திரும்பும் ஸ்பிரிங்கை அதனால் பிடிக்க முடியாது, மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் எகிறும். மீதிச் சுற்றுகளில் சுமை கூடும். வளையத்துக்கும் கம்பிக்கும் இடையில் மணலும் ஈரமும் தங்கிப் பெயின்ட் உரிந்து துருப்பிடித்து, அந்த இடத்திலேயே ஸ்பிரிங் முறியும்.

லோயரிங் ஸ்பிரிங்கில் பிரச்சினை நேர்மாறானது. 30 மி.மீ. தாழ்த்தினால் பம்ப் ஸ்டாப்புக்கு இருந்த இடைவெளியில் பாதி போய்விடும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடி. முன்சக்கரத்தின் கோணங்கள் மாறி டயரின் உட்பக்கம் தேயும்.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, நிறுவனம் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கையில் நீங்களே ஒரு காரணத்தைக் கொடுத்ததாகும். விறைப்பு வேண்டும் என்றால் நிறுவனமே விறைப்பாக அமைத்த வேரியன்ட்டை வாங்குங்கள், அதில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருக்கும்.

எலெக்ட்ரிக் கார்கள் எல்லாமே கொஞ்சம் விறைப்பாகத் தெரிகின்றனவே?
– புதுச்சேரி வாசகர்

அடியில் சில நூறு கிலோ பேட்டரி. அந்த எடையைத் தாங்க ஸ்பிரிங் வலுவாக வேண்டும், டயரில் காற்றும் கூடுதல். போதாததற்கு எஞ்சின் சத்தம் இல்லாததால் பெட்ரோல் காரில் காதில் விழாத சஸ்பென்ஷன் சத்தமெல்லாம் இதில் விழுகிறது. எடை கூடுவதில் ஒரு லாபமும் உண்டு: கனமான உடம்பைச் சின்ன மேடுகளால் அசைக்க முடியாது. சின்ன பேட்டரி, பெரிய சக்கரம் என்று இருக்கும் எலெக்ட்ரிக் கார்களில்தான் இரண்டு பக்கமும் நஷ்டம்.

ஸ்போர்ட் வேரியன்ட் வாங்கினால் பராமரிப்புச் செலவு எவ்வளவு கூடும்? ஷாக் அப்சார்பர் மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– திருச்சி வாசகர்

தொகை மாடலுக்கு மாடல் மாறும். கூடுவது எங்கே என்று சொல்லலாம். முதலில் டயர், பெரிய ரிம்முக்கு விலையும் அதிகம், எல்லா ஊரிலும் கையிருப்பும் இருக்காது. அடுத்து ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் ரப்பர் மவுண்ட், ஆன்டி-ரோல் பாரைச் சக்கரத்தோடு இணைக்கும் லிங்க் ராடு, சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் மூட்டான புஷ். டயரும் ஸ்பிரிங்கும் விழுங்காத அடியை இவை வாங்குகின்றன. மெதுவாகப் போகும்போது முன்பக்கம் 'டொக் டொக்' என்றால் பெரும்பாலும் லிங்க் ராடுதான். அதற்காக முழு ஸ்ட்ரட்டையும் மாற்றச் சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

ஷாக் அப்சார்பரில் மேல்பக்கம் மட்டும் லேசாக எண்ணெய் பூத்து, தூசி ஒட்டியிருந்தால் அவசரமில்லை. கீழ்வரை வழிந்து சொட்டினால் மாற்ற வேண்டும். பானெட்டை அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனை இப்போதைய கார்களில் எதையும் காட்டாது. மாற்றினால் முன்னிரண்டு அல்லது பின்னிரண்டு, ஜோடியாகத்தான். கூடவே பம்ப் ஸ்டாப், தூசிக்கவசம், மேல் மவுண்ட் ஆகியவற்றையும் புதிதாகப் போடுங்கள். அவற்றின் விலை குறைவு, இன்னொரு முறை கழற்றும் கூலிதான் அதிகம்.

பல பட்டறைகளில் நடக்கும் ஒரு தவறு: வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவார்கள். வண்டி இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். வண்டி காரணமில்லாமல் விறைப்பாகத் தெரியும், சில மாதத்தில் புஷ் கிழியும். போல்ட்டைக் கையளவு மாட்டி, சக்கரம் தரையில் எடை தாங்கிய பிறகே இறுக்கத்தை அளந்து கொடுக்கும் டார்க் ரென்ச்சால் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் வீல் அலைன்மென்ட்.

மெத்தென்று இருக்கிறது என்று டெஸ்ட் டிரைவ் பார்த்து வாங்கிய கார், டெலிவரி எடுத்த நாளிலிருந்து கட்டை வண்டியாகத் தூக்கிப் போடுகிறது. அதே வேரியன்ட், அதே டயர். ஏமாற்றிவிட்டார்களா?
– கடலூர் வாசகர்

ஏமாற்றியிருக்க மாட்டார்கள், மறந்திருப்பார்கள். ஃபேக்டரியிலிருந்து லாரியிலும் யார்டிலும் மாதக்கணக்கில் நிற்கும் கார்களுக்கு டயர் தட்டையாகாமல் இருக்க 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடைப்பது வழக்கம். டெலிவரிக்கு முன் அதைக் குறைக்க வேண்டும். காலையில், வண்டி ஓடாத டயரில் அளந்து பாருங்கள். ஸ்டிக்கரில் 33 என்று இருந்து டயரில் 42 இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

காற்று சரியாக இருந்தும் விறைப்பு போகவில்லை என்றால் முன்சக்கரத்தை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, டார்ச் அடித்து ஸ்பிரிங்கைப் பாருங்கள். கப்பலிலும் லாரியிலும் வரும்போது வண்டி ஆடாமல் இருக்கச் சில மாடல்களில் ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் அல்லது ரப்பர் கட்டை செருகியிருப்பார்கள். இறக்குமதிக் கார்களில் இது அதிகம். அதை எடுக்க மறந்த கார்களும் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கட்டை தெரிந்தால் அதே நிலையில் படம் எடுத்து வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். நீங்களாக இழுக்க வேண்டாம், வண்டியைத் தூக்கி ஸ்பிரிங்கைத் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும்.